அட்சதை விழுந்த தண்டவாளம்

தம்பி, அந்தக் காலைக் கொஞ்சம் மடக்கிக்கிடுங்க. இல்லை, இல்லை, நீங்க மிதிக்கவில்லை. மிதித்துவிடுவீங்களோன்னு ஒரு இதுதான். சீட்டுக்கு அடியில் கிடக்கிறதே, அது கேரம் போர்டு இல்லை. கேரம் போர்டுதான், ஆனால் இப்போது கேரம் போர்டு இல்லை. அடியில் கையை விட்டுப் பாருங்க. உருளுதா? எட்டு பேரிங். அது டிராலி. சினிமாவில் கேமராவை மேலே வைத்துத் தள்ளுவார்களே, அந்த டிராலி. நடையில் நீட்டிப் போட்டிருக்கிற நாலு குழாயும் அது ஓடுவதற்குத் தண்டவாளம். கண்டக்டர் ரெண்டு தடவை முறைத்துவிட்டுப் போனான். வருகிறவன் போகிறவன் எல்லாம் தாண்டித் தாண்டிப் போகிறான் என்று அவனுக்குக் கோபம்.

மணி என்ன? ஒன்பதே காலா? பத்தரைக்கு மேல்தான் நல்ல நேரம். சுரண்டைக்குப் பத்துக்குள் போய்விடுவானா? நீங்க எங்க? தென்காசியா. அப்ப கடைசி வரைக்கும் இருப்பீங்க. நல்லது. ஒரு நிமிஷம், அந்தக் குழாய்க் கட்டு நகர்ந்த மாதிரி இருக்கு, பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

நகரவில்லை. சரியாகத்தான் இருக்கு.

என் பெயர் கோமதிநாயகம். சங்கரன்கோவிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ரிட்டயர்டு ஆனவன். அது சும்மா, சாப்பாட்டுக்கு. என் தொழில் டிராலி. இருபது வயசில் மெட்ராஸில் டிராலி தள்ளினேன். நாற்பத்தேழு படம். ஒரு தடவை கேமராமேன், குடிக்க வைத்திருந்த சூடான பால் டம்ளரை டிராலி மேலேயே மறந்து வைத்துவிட்டார். ஒரு பாட்டு முழுக்கத் தள்ளினேன். முன்னால், பின்னால், முன்னால், பின்னால். பாட்டு முடிந்து பார்த்தால் பால் மேல் ஆடை படிந்திருக்கிறது! அசையாத பாலில்தானே ஆடை படியும்? யூனிட் முழுக்க வந்து டம்ளரைச் சுற்றி நின்று பார்த்தார்கள். கதாநாயகி அந்த ஆடையை எடுத்துத் தின்றாள்.

சிரிக்கிறீங்க. என் வீட்டுக்காரி ஆவுடையம்மாளும் இப்படித்தான் சிரிப்பாள். "மெட்ராஸ்ல பதினோரு நாள் இருந்தாரு, அதுல நாலு நாள் காய்ச்சல்" என்று ஊரெல்லாம் சொல்வாள். காய்ச்சலோடயே தள்ளினேன் என்பதைச் சொல்ல மாட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரே மகள், பகவதி. அவள் கல்யாணத்தை மூணு வருஷத்துக்கு முன்னால் வைகாசியில் வைத்தோம். வீடியோவுக்கு ஜெபராஜ் என்று ஒரு ஆளைப் பேசியிருந்தது. அவன் எடுத்த நாலு கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். எனக்குத் தூக்கம் போய்விட்டது தம்பி. கேமராவை ஒரு இடத்தில் நட்டுவைத்தால் நட்டதுதான், மின்கம்பம் மாதிரி. வருகிறவன் வருகிறான், போகிறவன் போகிறான், கேமரா அங்கேயே நிற்கிறது. நாற்பத்தேழு படம் தள்ளினவன் வீட்டுக் கல்யாணத்தை இப்படியா எடுப்பது?

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். டிராலி ஷாட். நாதஸ்வரக்காரரிடம் ஆரம்பிக்க வேண்டும். அப்படியே வழுக்கிக்கொண்டு, வரிசையாகச் சொந்தக்காரர் முகமெல்லாம் தாண்டி, மணவறைக்கு வந்து, மாப்பிள்ளை மூணாவது முடிச்சுப் போடுகிறபோது சரியாகப் பகவதி முகத்தில் போய் நிற்க வேண்டும். எப்படி இருக்கும்? இப்போது நினைத்தாலும் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

டிராலி வாடகைக்கு வேண்டுமென்றால் மதுரை போக வேண்டும். நான் எதற்குப் போகிறேன்? வீட்டையே சுற்றிப் பார்த்தேன். எல்லாம் வீட்டிலேயே இருந்தது தம்பி! ஒரு சாமான் வெளியில் வாங்கவில்லை. முதலில் பேரிங். எட்டு வேண்டும். ஒரு சீலிங் ஃபேனுக்குள் ரெண்டு பேரிங் இருக்கும். எங்கள் வீட்டில் நாலு ஃபேன். பார்த்தீங்களா பொருத்தத்தை? கடவுளே நினைத்து நாலு ஃபேன் மாட்டியிருக்கிறார்.

நாலையும் கழற்றினேன். சித்திரை மாசம்தான். வெயில்தான். கல்யாண வீட்டுக்கு வந்த சனமெல்லாம் பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எங்கள் பத்திரிகையைத்தான். ஆவுடை சொன்னாள், "கூட ரெண்டாயிரம் அடிச்சிருக்கலாம், விசிறிக்குப் பத்தல." பகவதி மட்டும் என் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, என் ரூம் ஃபேனை மட்டும் விட்டுருங்களேன்" என்றாள். "ஆறு பேரிங்குல ஓட்டினா ஒரு மூலை தொங்கிருமேம்மா" என்றேன். புரிந்துகொண்டாள். கெட்டிக்காரப் பிள்ளை. வேர்த்து வேர்த்து, பத்திரிகையில் அவள் எழுதின பெயரெல்லாம் மை பரவி, எங்கள் தூத்துக்குடிச் சித்தப்பா பெயர் யாருக்கும் புரியாமல் அவர் கல்யாணத்துக்கே வரவில்லை.

அடுத்தது ஆங்கிள். பேரிங்கைச் சும்மா அடியில் மாட்டினால் குழாயை விட்டு இறங்கிவிடும். எல் மாதிரி மடங்கின இரும்புத் துண்டு வேண்டும். இந்தப் பக்கம் ஒரு பேரிங், அந்தப் பக்கம் ஒரு பேரிங். ரெண்டும் சேர்ந்து குழாயை மேலிருந்து கவ்வும், கையால் பிடிக்கிற மாதிரி. பகவதி புத்தகம் அடுக்கி வைத்திருந்த இரும்பு அலமாரியின் கால் அப்படியே எல் மாதிரி, துளையோடு இருந்தது. நாலு துண்டு வெட்டினேன். புத்தகத்தையெல்லாம் அரிசிச் சாக்கில் கட்டி வைத்தேன், பத்திரமாக.

பலகைக்குக் கேரம் போர்டு. அதுவும் பகவதியுடையதுதான். காலேஜில் பரிசு வாங்கினது. கல்யாணமாகிப் போகிற பிள்ளைக்குக் கேரம் எதற்கு? ஆனால் போர்டு மாதிரி ஒரு பலகை கிடையாது தம்பி. கேமரா ஸ்டாண்டுக்கு மூணு கால்தானே? மூணு பாக்கெட்டில் மூணு காலை இறக்கினேன், இம்மி நகரவில்லை. நாலாவது பாக்கெட்டில் என் வெற்றிலைப் பெட்டி. குழாய், பின்கட்டுக் குளியலறைக்குப் போகிற லைன். பெண்ணுக்கு நலங்கு வைத்த அன்றைக்கு வாளியில்தான் தண்ணீர் தூக்கினார்கள். தூக்கினால் என்ன? உடம்புக்கு நல்லது.

ஏன் நிறுத்திவிட்டான்? ஆடா? ஆட்டைப் பார்த்து ஹாரன் அடித்தால் அது எங்கே போகும், நடு ரோட்டுக்குத்தான் வரும். ஏப்பா டிரைவர், இறங்கித்தான் அதை விரட்டேன்! மணி என்ன தம்பி? சரி.

ஒத்திகை பார்த்தேன். கூடத்தில் குழாயைப் போட்டு, பகவதியை ஸ்டூலில் உட்காரவைத்து, இருபத்தோரு தடவை. "தலையைக் குனி. இப்ப மெல்ல நிமிரு. கேமராவைப் பாக்காத. எங்கேயும் தேடாத. அப்படியே இரு." அருமையாகச் செய்தாள். பதினெட்டாவது தடவையோ என்னவோ, குனிந்தபடியே கேட்டாள்.

"அப்பா, அன்னைக்கு நீங்க எங்க நிப்பீங்க?"

"டிராலிக்குப் பின்னாலதாம்மா. வேற எங்க? வேற யாரு தள்ளுவா?"

அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. சந்தேகம் தீர்ந்துவிட்டது.

கல்யாணத்தன்று ஆவுடை ஒரு ஆட்டம் ஆடினாள். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க அப்பன் மேடைக்கு வர வேண்டுமாம். நான் குழாய்க்கு ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நூல் இறங்கியிருக்கிறது, இந்த நேரத்தில் வந்து, "அப்பன் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது வேற யாருங்க வார்ப்பா?" என்று சத்தம் போடுகிறாள். அவளுடைய அண்ணன், என் மச்சான் நம்பிராஜன், நல்ல மனுஷன், பட்டு வேட்டியோடு சும்மாதான் நின்றுகொண்டிருந்தார். "மச்சான், நீங்க போய் உக்காருங்க" என்றேன். அவர் போய் உட்கார்ந்து பகவதி கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்துத் தண்ணீர் வார்த்தார். யார் ஊற்றினாலும் தண்ணீர் தண்ணீர்தானே தம்பி?

ஐயர் கையை உயர்த்தினார். கெட்டிமேளம். தள்ளினேன்.

அடடா. அந்த முதல் பத்து அடி! முப்பத்திரண்டு படம் தள்ளியிருக்கிறேன், அப்படி ஒரு... என்ன? நாற்பத்தேழா? ஆமாம், டப்பிங் படத்தையும் சேர்த்தால் நாற்பத்தேழு. ஜெபராஜ் கேமராவைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி கூடவே நடக்கிறான். நாதஸ்வரம் தாண்டியாச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரர் தாண்டியாச்சு. தூண் தாண்டியாச்சு. மணவறை தெரிகிறது. மாப்பிள்ளை தாலியை எடுக்கிறார். நான் ஒரு நூல் பிந்தவில்லை, ஒரு நூல் முந்தவில்லை.

அப்போதுதான் எறிந்தார்கள்.

அட்சதை தம்பி! எறிவார்கள்தானே, கெட்டிமேளம் கொட்டினால் மண்டபமே எறியும்தானே! எத்தனை கல்யாணத்தில் நானே எறிந்திருக்கிறேன். ஒன்றரை மாசம் பேரிங்கைப் பார்த்தேன், ஆங்கிளைப் பார்த்தேன், மட்டத்தைப் பார்த்தேன். அரிசியைப் பார்க்கவில்லை. தண்டவாளம் முழுக்க மஞ்சள் அரிசி. நெய்யும் மஞ்சளும் போட்டுப் பிசைந்த அரிசி, குழாயில் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. ஒரு பேரிங் ஏறியது. இன்னொன்று ஏறியது. நான் விடவில்லை, அழுத்தித் தள்ளினேன். முன்பக்கம் தூக்கி, கேமரா மல்லாந்து, ஜெபராஜ் போய் மாப்பிள்ளையின் அத்தை மடியில் உட்கார்ந்துவிட்டான். அந்த அம்மா அப்போதும் எறிவதை நிறுத்தவில்லை.

நான் உடனே மண்டிபோட்டுவிட்டேன். நிமிரவே இல்லை. குழாயிலிருந்து ஒவ்வொரு அரிசியாகப் பொறுக்கினேன். எண்பத்து மூணு அரிசி. பொறுக்கப் பொறுக்க மேலே விழுந்துகொண்டே இருக்கிறது. சுற்றிலும் கால்கள்தான். பட்டுச் சேலைக் கரை, வேட்டிக் கரை. பொறுக்கி முடித்து எழுந்து பார்த்தால் மூணு முடிச்சும் போட்டு, மாலையும் மாற்றி முடித்திருந்தார்கள்.

வீடியோவில் அந்த நேரத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? மண்டபத்து ஃபேன். கேமரா மல்லாந்து கிடந்ததில்லையா, கெட்டிமேளம் சத்தத்தோடு நாலு நிமிஷம் ஃபேன் சுற்றுகிறது. நல்ல ஃபேன். பேரிங் நல்ல பேரிங்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் செல்போனில் எடுத்திருந்தான். அதில் பகவதி தெரிகிறாள். தாலி ஏறுகிற நேரம், குனிந்து இருக்க வேண்டிய பிள்ளை, இந்தப் பக்கம் பார்க்கிறாள், அந்தப் பக்கம் பார்க்கிறாள், நம்பிராஜன் மச்சான் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறாள். கேமராவைத் தேடாதே, தேடாதே என்று இருபத்தோரு தடவை சொல்லிக் கொடுத்தேன் தம்பி. அந்த நேரத்தில் மறந்துவிட்டாள்.

அதோடு அவளுக்கு என் மேல் கோபம். மூணு வருஷம். ஆவுடைக்குத்தான் போன் பண்ணுவாள். "அப்பா இருக்காங்களா" என்பாள். இருக்காங்க என்றால், "சரி" என்பாள். அவ்வளவுதான். ஷாட் ஆடிப்போன கோபம். எனக்குத் தெரியாதா? ஒரு நாள் நானே போனைப் பிடுங்கிச் சொன்னேன். "பகவதி, அந்த ஷாட்டுல தப்பு எம்மேல இல்லம்மா, அரிசி மேல." அவள், "ஷாட்டைப் பத்தி நான் கேக்கவே இல்லையேப்பா" என்றாள். பாருங்க. எவ்வளவு கோபம் இருந்தால் அதைப் பற்றிக் கேட்கக்கூட மாட்டாள்!

விடுவேனா? மூணு வருஷமாக யோசித்தேன். இப்போது கையை விட்டுப் பாருங்க, பேரிங்குக்கு முன்னால் சொரசொரவென்று ஏதாவது படுதா? பல் விளக்குகிற பிரஷ். எட்டு பேரிங்குக்கு எட்டு பிரஷ். டிராலி போகப் போக அதுவே அரிசியைத் தள்ளிவிடும். மொட்டைமாடியில் வைத்துச் சோதித்தேன். நான் தள்ள, ஆவுடை எறிய. "எறியச் சொன்னா எறியுதேன். யாருக்குக் கல்யாணம்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். ரெண்டு படி அரிசி எறிந்தாள். கடைசியில் கொஞ்சம் என் தலையில் எறிந்தாள். ஒரு குலுக்கல் இல்லை. அந்தப் பக்கத்துக் காக்காயெல்லாம் மூணு மாசம் எங்கள் மாடியை விட்டுப் போகவில்லை. ஒரு காக்கா டிராலி மேல் உட்கார்ந்து தூங்கியே போனது.

இப்படி இருக்கிறபோது போன வாரம் போன் வந்தது. ஆவுடைக்கு இல்லை, எனக்கு! பேத்திக்குச் சுரண்டையில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும், பகவதிக்குக் கூடப்பிறந்தது யாரும் இல்லையே. நம்பிராஜன் மாமா மடியில் வைக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். இவள் மாட்டேன் என்றுவிட்டாளாம். "மாமா வேண்டாம்ப்பா. உங்க மடிதான். நீங்க வந்து உக்காரணும்" என்றாள். "ஏம்மா, மாமாவுக்கு என்ன குறைச்சல்" என்றேன். "வருவீங்களா மாட்டீங்களா?" "வாரேன்." "வரும்போது கையை வீசிக்கிட்டு வாங்க. எதையும் தூக்கிட்டு வராதீங்க. எதையும்." ரெண்டு தடவை சொன்னாள்.

என்ன பெருந்தன்மை பாருங்க. சீர் வேண்டாம், பாத்திரம் வேண்டாம், கிழவன் சுமக்க வேண்டாம் என்கிறாள். அதனால்தான் வேறு ஒன்றும் எடுத்து வரவில்லை, இதை மட்டும் எடுத்து வந்தேன். ஆவுடை முந்தாநாளே போய்விட்டாள். போகிறபோது டிராலியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, முன்னால் சாக்கு மூட்டையை வைத்துவிட்டுப் போனாள். பகவதி புத்தக மூட்டை. அந்தக் கனம் கனக்கிறது! நகர்த்துவதற்குள் முதல் பஸ் போய்விட்டது.

என்ன கேட்டீங்க? காதுகுத்துக்கு அட்சதை எறிவார்களா? எறிய மாட்டார்கள். ஆனால் எறிந்தால்? தயாராக இருக்க வேண்டாமா?

சேர்ந்தமரம் தாண்டிவிட்டானா? அப்ப இன்னும் கொஞ்ச நேரம்தான். குழாயை இறக்கத் தயாராக வேண்டும். ஜெபராஜ் நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவான். கோயில் வாசலில் தண்டவாளத்தைப் போடுகிறேன். பந்தலில் ஆரம்பித்து, ஆசாரி கையில் இருக்கிற ஊசியைத் தாண்டி, பிள்ளை முகத்துக்குப் போய், அது வாயைத் திறந்து அழுகிற சமயம் சரியாக... என்ன தம்பி?

மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படித் தள்ளுவேன் என்றா?

அது வந்து... அதையும் யோசிக்காமலா இருப்பேன். முதலில் மடியில் வைத்துக்கொள்வேன். எல்லோரும் பார்ப்பார்கள். ஆசாரி ஊசியை எடுக்கிற நேரத்தில், மச்சான் பக்கத்தில்தானே இருப்பார், அவர் மடிக்கு மெல்ல மாற்றிவிட்டு...

ஏன் அப்படிப் பாக்கிறீங்க? ஆவுடையும் மூட்டையை வைத்துவிட்டு இப்படித்தான் பார்த்துவிட்டுப் போனாள். வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும்.

வேண்டுமானால் நீங்க இறங்கிக் கொஞ்சம் தள்ளித் தாரீங்களா? ஒரு மணி நேரம்தான். மெல்லத் தள்ளினால் போதும், பால் டம்ளர் வைத்த மாதிரி. தென்காசியில் வேலையா. சரி, சரி. எல்லோருக்கும் வேலை இருக்கும்.

யாராவது ஒருத்தர் தள்ள வேண்டும், யாராவது ஒருத்தர் மடியில் வைக்க வேண்டும். ஆள் ரெண்டு வேண்டியிருக்கிறது. நான் ஒருத்தன்.

சுரண்டை வந்துவிட்டதா? அதற்குள்ளேயா? இருங்க, கொஞ்சம் எட்டிப் பார்க்கிறேன். அதோ. அந்தக் கடைக்கு முன்னால், பச்சைச் சேலை. பகவதிதான். மெலிந்துவிட்டாள். இடுப்பில் இருக்கிறது பேத்தி. போட்டோவில் பார்த்ததைவிடப் பெரிசாக இருக்கிறதே! மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருக்கிறது. அவளே கூப்பிட வந்துவிட்டாள் பாருங்க, மாப்பிள்ளையை அனுப்பாமல்.

ஜன்னல் ஜன்னலாகப் பார்க்கிறாள். இந்தப் பக்கம் பார்க்கிறாள், அந்தப் பக்கம் பார்க்கிறாள். முன்னால் நிற்கிற ஆள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறாள்.

இங்கே எங்கம்மா கேமரா இருக்கு?

தம்பி.

இல்லை, ஒன்றுமில்லை. மேகம் போட்டிருக்கிறது, பார்த்தீங்களா? வெளிச்சம் சரியில்லை. இந்த வெளிச்சத்தில் டிராலி ஷாட் எடுத்தால் எடுபடாது. முப்பத்திரண்டு படம் தள்ளினவனுக்கு வெளிச்சம் தெரியாதா? நீங்க தென்காசிதானே, கடைசி வரைக்கும்தானே போறீங்க?

என்னப்பா கண்டக்டர்? குழாயா? என்ன குழாய்? அது என்னோடது இல்லைப்பா. இந்தா, இந்தத் தம்பியோடது. அந்தக் கேரம் போர்டும் அவர்தான் கொண்டுவந்தார். தென்காசியில் இறக்கிக்கொள்வார், நல்ல பையன், சத்தம் போடாதே. வழியை விடு, வழியை விடு.

தம்பி, பிரஷ்ஷில் அரிசி மாட்டியிருக்கும், தட்டிவிட்டு ஓட்டுங்க.

ஏ பகவதி! இந்தா, இங்க, இங்க இருக்கேம்மா! ஒண்ணும் கொண்டுவரல. ரெண்டு கையையும் பாரு. பிள்ளையை இங்க குடு.